மாமல்லபுரத்து வட்டப்படமும் மீந்துபோன பஜ்ஜியும்: ஒரு கள ஆய்வு

பஜ்ஜி மீந்துபோவதற்கும் மத்திய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்கும் உள்ள உறவு இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. களம்: மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு டீக்கடை. கருவிகள்: ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு டீ. நிதியுதவி: என் சட்டைப்பை.

ஆய்வுப் பொருள், கைப்பேசிக்கு வந்த ஒரு படம். 2022 செப்டம்பர் கடைசியில் சுற்றுலா அமைச்சகம் ஒரு புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிட்டது. தொல்லியல் துறை டிக்கெட் போடும் சின்னங்களில் 2021-22இல் வெளிநாட்டினர் அதிகம் பார்த்தது மாமல்லபுரம்தான்: 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு 38,922 பேர். யாரோ ஒரு புண்ணியவான் இதை வட்டப்படமாக்கி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார். கிட்டத்தட்ட பாதி வட்டம், 45.5 சதவீதம், நமக்கு. தாஜ்மகாலுக்குத் தர்பூசணிக் கீற்று மாதிரி 12 சதவீதம். மேலே கொட்டை எழுத்தில் "ஷாஜகானை வென்ற பல்லவன்!" எண்களில் ஒரு பிழையும் இல்லை. சிக்கலே அதுதான்.

டீ மாஸ்டர் படத்தைப் பார்த்தார். தட்டில் ஆறிக்கிடந்த வாழைக்காய் பஜ்ஜியைப் பார்த்தார். "இன்னா சார், பாதி வெள்ளைக்காரன் இங்கதான் வர்றான்னு போட்டுக்கிறான். என் கடைக்கு மட்டும் வழி தெரியலையா அவனுக்கு?"

இவ்வினாவே நம் கருதுகோள். இனி விடை.

வட்டப்படம் பங்கைச் சொல்லும், மொத்தத்தைச் சொல்லாது. அஃது எவ்வாறெனின், எலுமிச்சையில் பாதி பெரிதா, பலாவில் கால் பெரிதா என்று சந்தைக்குப் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். படம் போடுகிறவரோ எலுமிச்சையையும் பலாவையும் ஒரே அளவு வட்டமாகத்தான் போடுவார். 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டினர் 1 கோடியே 9 லட்சம். கொரோனா புகுந்த பின், 2021இல் சுமார் 15 லட்சம். 2020 மார்ச்சில் நின்ற சுற்றுலா விசா 2021 கடைசியில்தான் மீண்டும் திறந்தது. வழக்கமான பன்னாட்டு விமானங்கள் திரும்பியது 2022 மார்ச் 27இல், அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில். பலா எலுமிச்சையாகச் சுருங்கிய வருஷம் அது. 45.5 சதவீதத்தை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால், மொத்த வட்டமே ஏறக்குறைய 3 லட்சத்து 19 ஆயிரம் பேர்தான். நல்ல வருஷத்தில் தாஜ்மகால் ஒன்றே அதைத் தாண்டிவிடும். இதே தொகுப்பில் உள்நாட்டுப் பயணிகளில் முதலிடம் தாஜ்மகாலுக்கு, சுமார் 33 லட்சம் பேர். அதை யாரும் வட்டம் போட்டு எனக்கு அனுப்பவில்லை.

1,44,984ஐ 365ஆல் வகுத்தேன். நாளுக்கு 397. "ஊர்ல இருக்கிற அத்தனை கடைக்குமா?" என்றார் மாஸ்டர். அந்த 397உம் ஏமாற்று எண்தான். 2021 ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை சின்னங்கள் பூட்டிக் கிடந்தன. சராசரிக்குப் பூட்டு தெரியாது. அவர்கள் விமானமேறி வந்தவர்களா, ஞாயிற்றுக்கிழமை காரில் வந்த ஒரகடம் தொழிற்சாலைகளின் கொரிய என்ஜினியர்களா என்பதும் அரைவட்டத்துக்குத் தெரியாது.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் மாற்றுக் கருதுகோள் ஒன்றை முன்வைத்தார்: "எல்லாம் செஸ் ஒலிம்பியாட்டால வந்ததுப்பா." மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் காய் நகர்த்தியது 2022 ஜூலை, ஆகஸ்டில். கணக்கு முடிந்ததோ மார்ச் 31இல். பிள்ளை பிறந்த பிறகு நடந்த கல்யாணம். பெரியவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆகஸ்டில் ஒலிம்பியாட் முடிந்தது, செப்டம்பரில் படம் வந்தது, மனசு முடிச்சுப் போட்டுவிட்டது.

நானும் ஒரு படம் போட்டுப் பார்த்தேன். மாவட்டவாரியாக மாமல்லபுரத்துப் பயணிகள், ஆண்டுக்கு ஒரு பட்டை. 2018 வரை செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பூஜ்யம், காஞ்சிபுரத்துக்குப் பனைமர உயரம். பிறகு காஞ்சிபுரம் தரைமட்டம், செங்கல்பட்டு விண்ணை முட்டுகிறது. காஞ்சிபுரத்துக்கு என்ன கேடு வந்ததோ என்று எவரும் பதறுவார்கள். 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, அவ்வளவே. ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயில் ஓர் அங்குலமும் நகரவில்லை.

இந்த வித்தையை ஊர் போட்டோக்காரர்கள் என்றோ கற்றுவிட்டார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குச் சற்றுத் தள்ளி ஆளை நிறுத்தி, "கையத் தூக்குங்க சார், கொஞ்சம் லெஃப்டு" என்பார்கள். சொடுக்கினால், சுமார் 250 டன் பாறை உள்ளங்கையில். பொய்யென்று சொல்ல முடியாது. பாறை உண்மை, கையும் உண்மை.

கடைசியாகக் களத் தரவு. மாலை நாலிலிருந்து ஐந்துவரை விற்ற பஜ்ஜி மூன்று. அதில் இரண்டு எனக்குள். நோட்டில் வட்டம் போட்டு, 66.7 சதவீதத்துக்குக் கோடிழுத்து நிழல் கொடுத்தேன். மாஸ்டர் தாளைக் கிழித்து வாங்கினார். மைதா மாவைக் குழைத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார். வட்டத்தின் அடியில் அவரே பேனா வாங்கி எழுதினார்: "ஆராய்ச்சிக்காரங்க அதிகம் சாப்பிடும் பஜ்ஜி."