ஆறு சொட்டுக் கோட்பாடு: மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளை எழுப்புதல் குறித்து

கூட்டு நீராவி எஞ்சினில் நீராவி முதலில் சின்னச் சிலிண்டரில் வேலை செய்து, களைத்துப்போய்த்தான் பெரிய சிலிண்டருக்கு வரும். சின்னதன் பிஸ்டன் உச்சியில் போய் நின்றுவிட்டால் எஞ்சின் அசையாது. பெரியதற்கோ இன்னும் பங்கு வந்து சேரவில்லை. அதற்கென்றே ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்து பெரிய சிலிண்டருக்கு நேரே கொஞ்சம் புது நீராவியைக் காட்டுவார்கள். எஞ்சின் புரண்டதும் மூடிவிடுவார்கள். இந்தத் தத்துவத்தின் யாழ்ப்பாணப் பாடபேதத்தை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை என்பதே இவ்வாய்வின் மனக்குறை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. பெற்றோலின் ஆவி சுழியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். மார்கழி விடியலில் எங்கள் முற்றம் 25 பாகையைத் தொடவே யோசிக்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயைக் குடிக்கும், எரிக்காது. சூடான எஞ்சின் இருமிக்கொண்டே எரிக்கும். சிக்கல் முழுவதும் முதல் அரை நிமிடத்தில்தான்.

ஆய்வுக் களம்: மேற்படி முற்றம். மாதிரி: ஹொண்டா எம்.டி. 90 ஒன்று, அப்பா ஒருவர். கருவிகள்: இருமல் மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோல், ஊசி கழற்றிய சிறிஞ்.

முறை இது. அந்தப் புது நீராவிக்குப் பதிலாகக் காபரேற்றரின் வாயில் ஆறு சொட்டுப் பெற்றோல். ஏழாவது ஊதாரித்தனம்; ஐந்தென்றால் அந்த ஐந்தும் வீண். சிறிஞ்சை என்னிடம் தந்துவிட்டு அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக் கிக்கரை உதைப்பார். மூன்றாவது உதையில் எஞ்சின் கனைக்கும். பெற்றோல் தீரும், மண்ணெண்ணெய் இன்னும் பொறுப்பேற்கவில்லை. இந்த இடைவெளியில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. பிறகு சைலன்சர் வெள்ளைப் புகையைக் கக்கும். கொடியில் காய்கிற பள்ளிக்கூடச் சட்டைக்கும் அந்த மணம் ஏறும்.

"என்ன மாஸ்ரர், இண்டைக்கும் பிடிக்கேல்லையோ? ஒருக்காத் தள்ளிப் பாருங்கோவன்" என்று வேலிக்கு மேலால் குரல் வரும். இது எதிர்க்கட்சி. அக்காலத்தில் துளிவாதிகள், தள்ளுவாதிகள் என இரு பிரிவினர் இருந்தனர். தள்ளுவாதம் பெற்றோலைச் செலவழிப்பதில்லை, தள்ளுகிற பிள்ளைகளைத்தான் செலவழிக்கும். நான் பிறப்பால் துளிவாதி, ஆகவே நடுநிலையாளன்.

இந்த ஞானம் வானத்திலிருந்து விழவில்லை, கிணற்றடியிலிருந்து ஏறி வந்தது. செம்மண் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மிஷின்களில் சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் குழாயைத் திருப்பினால் சரி. இங்கிலாந்தின் பெர்குசன் டி.ஈ.டி. 20 உழவு இயந்திரம் 1949இலேயே இப்படித்தான் பெற்றோலில் விழித்து, மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்கார எண்ணெயொன்றில் உழுதது. ஆனால் அது அதற்கென்றே செய்யப்பட்ட எஞ்சின். எங்கள் ஹொண்டாவைச் செய்த யப்பானியருக்கு இருமல் மருந்துப் போத்தல் பற்றி எதுவும் தெரியாது.

விலையும் கொடுத்தோம். எரியாத மண்ணெண்ணெய் வழிந்திறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது. பிளக்கில் கரி பிடித்தது. ஞாயிறு காலையில் அதைக் கழற்றி மண்தாளால் தேய்ப்பது எனக்குத் தேவாரத்துக்கு அடுத்த கடமை.

கோட்பாட்டின் துணைவிதி: சூட்டோடு நிற்கும் எஞ்சினுக்குச் சொட்டு வேண்டாம், ஆகவே கடைக்குப் போனாலும் கதைக்க நின்றாலும் எஞ்சினை நிற்பாட்டாதே. இவ்விதி ஒரே ஒருமுறைதான் பொய்த்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி எங்கள் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எங்கள் எஞ்சின் மெல்லக் கனைத்து, நின்றது, ஆறியது. போத்தல் அம்மாவின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. உதைப்பதற்குக் காலைத் தூக்கத்தான் இடமில்லை. கைதடி வரைக்கும் தள்ளினோம். அங்கே போய்ப் பார்த்தபோது, போத்தலில் சரியாக ஒரு தடவைக்கு இருந்தது.