தும்பிக்கை போன யானை

எங்கள் நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. இரண்டுக்கும் நான்தான் தமிழ் மிஸ். பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது என்று நம்பித்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பிள்ளைகளோ எல்லாம் தெரிந்த முகத்தோடு வந்து உட்கார்கிறார்கள்.

சுவரில் உயிரெழுத்து சார்ட். 'உ'வுக்கு உரல். ஸ்கேலால் தொட்டுக் காட்டினால், "வாஷ்பேசின்!" 'ஏ'வுக்கு ஏணி. "தண்டவாளம்!" 'ஔ'வுக்கு ஔவையார். "பாட்டி!" இதைத் தப்பென்று எந்த வாயால் சொல்வது? ஆய்த எழுத்துக்கு எஃகு என்று போட்டு ஒரு கத்தியை வரைந்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் வகுப்பில் ஃ என்றால் கத்தி. படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் கேட்டால், அத்தனை பேரும் என் விரலிடுக்கில் எட்டிப்பார்க்கிறார்கள்.

எழுதுவதற்கு 'அ' பொல்லாத எழுத்து. சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், கடைசியில் கோடும் இழுக்க வேண்டும். அதனால் ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில்தான் தொடங்குவோம். படம், மடம், பட்டம் எல்லாம் உடனே வந்துவிடும். பெற்றோருக்கு இது பிடிக்காது. "ஃபீஸ் கட்டுறோம் மிஸ், இன்னும் 'அ' வரல. பட்டம், பட்டம்னே எழுதிட்டிருக்கான்" என்றார் ஓர் அப்பா. "எல்.கே.ஜி.யிலேயே பட்டம் வாங்கிட்டான், சந்தோஷப்படுங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் தாத்தா இருந்தால் கதை வேறு. ஒரு யூ.கே.ஜி. பையன் 'யானை' என்று எழுதி வந்தான். 'னை'க்கு முன்னால் சங்கிலிக் கொம்பு இல்லை, தலைக்கு மேல் வளைந்த தும்பிக்கை இருந்தது. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் தொடங்கிய சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றபோது மாறிய 13 எழுத்துகளில் அதுவும் ஒன்று. நோட்டில் திருத்தி அனுப்பினேன். மறுநாள் தாத்தாவே வந்துவிட்டார். "எந்த எழுத்துல வேணா எடுங்க டீச்சரம்மா, யானைக்குப் போயா தும்பிக்கையை எடுப்பீங்க?" அரசாணையைச் சொன்னேன். அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

என்னைக் கேட்டால், சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிள்ளையின் பெயரில் தொடங்கலாம். தண்ணீர் பாட்டிலிலும் ஸ்நாக்ஸ் டப்பாவிலும் தினமும் பார்க்கிற எழுத்து அதுதான். அதனால் பெயர் அட்டைகள் எழுதி மேஜையில் பரப்பிவிடுகிறேன்; காலையில் வந்ததும் அவரவர் அட்டையை அவரவர் எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், என் வருகைப் பதிவேட்டில் தக்‌ஷித், ஹர்ஷிகா, ஜஷ்வந்த், ஸ்ரீநிகா. தமிழின் 247 எழுத்துகளையும் கரைத்துக் குடித்தாலும் இதில் ஒரு பெயரை முழுதாக எழுத முடியாது. 'க' தெரிவதற்கு முன்பே 'ஷ' தெரிந்துகொள்ளும் தலைமுறை இது.

வகுப்பில் ஒரே ஒரு மலர் இருக்கிறாள். மூன்றே எழுத்து, ஒரு புள்ளி. எழுதி முடித்துவிட்டு முதல் ஆளாக ஊஞ்சலுக்கு ஓடிவிடுவாள். ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே 'க்‌ஷி'யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தக்‌ஷித் பென்சிலைக் கீழே வைத்தான்.

"மிஸ், எனக்கும் மலர்னே பேர் வெச்சிடுங்க."