இழுவையும் இருப்பும்: பெரார்கஞ்ச் பிக்கப் குறித்து ஓர் ஆய்வு

கேம்பர் எனப்படும் சக்கர வீட்டை இழுக்கத் தக்க பிக்கப் எது என்னும் வினாவுக்கு அமெரிக்க அறிஞர்கள் இழுவைத் திறன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வர். 9 டன்னுக்கு மேலும் இழுக்கவல்ல ஃபோர்டு எஃப்-350 வகையறாவே அவர்தம் முடிந்த முடிபு. திருக்குறளை 48ஆம் அதிகாரமான வலியறிதலோடு மூடி வைத்தவர்களின் முடிபு இது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற எச்சரிக்கை அங்கே இருப்பது மெய்தான். ஆனால் அடுத்து வருவது காலமறிதல், அதற்கடுத்தது இடனறிதல். இவ்விரண்டையும் தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் வட்டத்தில் பொருத்திப் பார்த்தால், பிக்கப்பின் தலையாய குணம் இழுப்பதன்று, காத்திருப்பதே என்பது தெளியும்.

சான்று அவ்வட்டத்து ஜிர்காட்டாங் சோதனைச்சாவடிக் கேட்டில் நிற்கிறது. அதற்கு அப்பால் அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடிகளின் காப்புக்காட்டினூடே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போகிறது. குறித்த நேரத்தில்தான் கேட் திறக்கும். போலீஸ் துணையோடு கான்வாயாகத்தான் போகலாம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாது. வழியில் நிறுத்தக் கூடாது. நினைத்த இடத்தில் நிறுத்தித் தங்குவதற்கென்றே பிறந்த சக்கர வீட்டுக்கு இதைவிடப் பொருந்தாத சாலை இராது. தங்கல் எல்லாம் கேட்டுக்கு முன்னே, வரிசையிலேயே நடந்தாக வேண்டும். இந்நிலைக்கு ஏற்றது மஹிந்திராவின் பொலேரோ கேம்பர். பிக்கப்பே இங்கு கேம்பர். இழுப்பதும் இழுபடுவதும் ஒன்றே என்னும் அத்வைதம். ஐவர் அமரும் கேபின் உள்கட்டு. பின்கதவை இறக்கினால் திண்ணை. மேலே தார்ப்பாய் கட்டினால் தாழ்வாரம்.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் மேட்டு நிலத்தில் வலிமை வேண்டாமா என்று தடை எழுப்பலாம். வேண்டும், ஆனால் கான்வாயில் எல்லா வண்டியும் முன்னால் ஊரும் வண்டியின் வேகத்தில்தான் ஊரும். மிச்ச வலிமை பானெட்டுக்குள் உறங்கும். படாக் மரங்களை நிஜ யானைகள் இழுத்த தீவில் குட்டியானையாகிய டாடா ஏஸ்தானே முறையான வாரிசு என்பது இரண்டாம் தடை. பெயர்ப் பொருத்தம் சரி, கேபின்தான் இருவருக்கானது. மீதிக் குடும்பம் மழையில் நிற்கும். நெடுந்தேர் கடலில் ஓடாது என்று இடனறிதல் சொல்லியிருக்க, அச்சாலை எட்டும் மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையில் வண்டிகள் படகேறிக் கடல் தாண்டிப் பாராடாங் தீவு சேர்கின்றனவே என்பது மூன்றாவது, கடுமையான தடை. கூர்ந்து நோக்கினால் வள்ளுவர் பிழைத்துக்கொள்கிறார். படகுதான் ஓடுகிறது, அதன் தளத்தில் வண்டி ஹேண்ட்பிரேக் போட்டு அசையாமல் நிற்கிறது. கடலைக் கடப்பதும் நின்றபடியேதான். ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் பின்கதவை இறக்கி அரைமணி உட்கார்ந்து பார்ப்பாராக. பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பார்ப்பாராக. பெரார்கஞ்சில் சோதிக்க வேண்டிய இழுவை அது ஒன்றே.