எட்டரை மணி சாட்சி

எங்கள் வீட்டில் இனிமேல் இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம் என்று நான் அறிவித்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், "தினமுமா?" என்றாள். இரண்டாம் வகுப்புச் சின்னவன், "சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்று காரியத்தின் வேரையே பிடித்தான். மனைவி ஒன்றும் சொல்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் எட்டரைக்கு வீட்டில் இருந்த நாள் எது என்று தேடுகிற பார்வை அது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். எங்கள் சபை ஐயர் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு விசுவாசத்தை ஊட்ட வேண்டியது சண்டே ஸ்கூல் டீச்சர் அல்ல, தாய் தகப்பன்தான் என்று போடு போடென்று போட்டார். சொல்லும்போது என்னையே பார்த்தார். வேறு யாரையோ என்று நினைத்துப் பின்னால் திரும்பினேன். நான் உட்கார்ந்திருந்தது கடைசி பெஞ்ச். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஐயர் சொன்னதில் நியாயம் உண்டு. சண்டே ஸ்கூலை 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஏழாம் நாளில் எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம். ஞாயிறு காலை பெற்றோர் நிம்மதியாகக் கறிக்கடைக்குப் போய்வர அவர் ஏற்பாடு செய்ததாகத் தெரியவில்லை. அவருக்கு முன்பே மார்ட்டின் லூத்தர், சபைகளைச் சுற்றிப் பார்த்து, கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியாமல் ஜனங்கள் இருப்பதைக் கண்டு நொந்துபோய், 1529-ல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதை வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் குடும்பத் தலைவர் என்றும் எழுதிவைத்தார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அதைத் தமிழுக்கும் கொண்டுவந்தார். ஆக, எனக்குத் தகவல் வந்து சேர முந்நூறு வருஷம் ஆகியிருக்கிறது. தபால் தாமதம்.

பாளையங்கோட்டையில் பிறந்தவனுக்குக் குடும்ப ஜெபம் புதிதா என்ன? எங்கள் தாத்தா தினமும் ஜெபிப்பார். முதலில் வீட்டார், பிறகு சொந்தக்காரர், சபை, சேகரம், திருமண்டலம், மாநில அரசு, மத்திய அரசு என்று அவர் ஜெபம் மேலே மேலே ஏறும். ஐக்கிய நாடுகள் சபைக்குப் போவதற்குள் நாங்கள் பாயில் முழந்தாளிட்டபடியே நெற்றி தரையில் முட்டத் தூங்கியிருப்போம். பார்ப்பவர்களுக்கு அது பெரும் பக்தியாகத் தெரியும். ஒருநாள் தாத்தா கண்டுபிடித்துச் சத்தம் போட்டபோது, ஆச்சிதான் எங்களுக்காக அப்போஸ்தலர் நடபடிகளைத் துணைக்கு அழைத்தாள். பவுல் நடுராத்திரிவரை பேசியதில் ஐத்திகு என்கிற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான் இல்லையா? "பவுலுக்கே அந்த கதி. நீங்க எம்மாத்திரம்? பிள்ளைய தரையிலதான படுத்துருக்கு, விழாது" என்றாள்.

அந்தத் தவற்றை நான் செய்யக்கூடாது என்று உறுதி எடுத்தேன். வேறு தவறுகளைச் செய்தேன்.

முதல் நாள், புதிய ஏற்பாட்டை முறையாக முதலிலிருந்து தொடங்குவோம் என்று மத்தேயு முதல் அதிகாரத்தைத் திறந்தேன். ஆபிரகாமிலிருந்து தாவீதுவரை பதினாலு தலைமுறை, அங்கிருந்து பாபிலோன் சிறையிருப்புவரை பதினாலு, அதிலிருந்து கிறிஸ்துவரை பதினாலு. வம்ச அட்டவணை பாதி வருவதற்குள், "அப்பா, இது ரேஷன் கார்டா?" என்றாள் மகள். சின்னவன் தாவீதைப் பார்க்கவே இல்லை. அதற்கு முன்பே தூங்கிவிட்டான்.

அடுத்து மனப்பாட வசனத் திட்டம். ஒரு வசனத்துக்குப் பத்து ரூபாய். மகள் வேதத்தை இவ்வளவு ஆர்வமாகப் புரட்டி நான் பார்த்ததில்லை. நானும் பூரித்துப்போனேன். அவள் தேடியது எது நீளத்தில் குறைச்சல் என்று. யோவான் 11:35 மூன்றே சொல் என்பது சண்டே ஸ்கூல் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இவள் அதையும் தாண்டிப் போய், தமிழில் 1 தெசலோனிக்கேயர் 5:16 இரண்டே சொல், அதற்கு அடுத்த வசனமும் இரண்டே சொல் என்று கண்டுபிடித்துவந்தாள். மூன்று வசனம், ஏழு சொல், முப்பது ரூபாய். பவுல் அந்த நிருபத்தை எழுதும்போது இப்படி ஒரு வாசகி வருவாள் என்று நினைத்திருக்கமாட்டார். நான் கோபத்தில், "முடிஞ்சா நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் சொல்லு பாப்போம்" என்றேன். "நூத்தி எழுபத்தாறு வசனம். ஆயிரத்து எழுநூத்தி அறுபது ரூபா. அட்வான்ஸ் உண்டா?" என்றாள். அன்றோடு திட்டம் நிதிப் பற்றாக்குறையால் கைவிடப்பட்டது.

சின்னவன் வேறு வகை. அவனுக்குச் சந்தேகம் அதிகம். இயேசு நாசரேத்தூரில் வளர்ந்தார் என்று சொன்னேன். "நம்ம நாசரேத்தா?" என்றான். திருச்செந்தூர் ரயிலில் ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன் நாசரேத். எங்கள் சித்தி வீடு அங்கேதான். அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். அவன் நம்பவில்லை. "சித்தி வீட்டுக்குப் போறப்ப கேட்டுக்கிடுதேன்" என்று தள்ளிவைத்துவிட்டான்.

கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் அவன் உருகி உருகிச் சொல்வான். குறிப்பாகச் சோதனை என்ற சொல் வருமிடத்தில் குரல் தழுதழுக்கும். இந்த வயதில் இப்படி ஓர் உணர்வா என்று நான் மனைவியைப் பெருமையோடு பார்த்தேன். பள்ளிக்கூட டைரியை எடுத்து நீட்டினாள். மறுநாள் அவனுக்குக் கணக்குச் சோதனை.

பிள்ளைகளும் ஒவ்வொரு நாள் ஜெபிக்கட்டும், அப்போதுதான் பழகும் என்று நான் சொன்னேன். என் வாழ்நாளில் நானே எனக்குத் தோண்டிய குழிகளில் இது ஆழமானது. மகள் இரண்டு வரியில் முடித்துவிடுவாள். சின்னவனுக்கு ஜெபம் என்றால் அன்றைக்கு நடந்ததை ஆண்டவருக்கு ஒப்பிப்பது.

"இயேசப்பா, இன்னைக்கு அப்பா வீட்டுலதான் இருந்தாங்க. ஆனா போன்ல மாமாகிட்ட ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னாங்க. அக்காதான் சொன்னா. அக்காவ மன்னியும்."

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். கோர்ட்டிலும் சாட்சி சொல்வார்கள். இவன் சொன்னது இரண்டாவது வகை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மனைவியும் ஒரு கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பணம் கொடுக்க வேண்டிய அந்த மாமா அவளுடைய தாய்மாமா.

அதன்பிறகு எட்டரை மணி நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சிக்னலில் நிற்காமல் வந்தது, காணிக்கைப் பையில் நூறு ரூபாயைப் போட எடுத்து, மடித்து வைத்துவிட்டுப் பத்து ரூபாய் போட்டது, எல்லாம் தேதிவாரியாகப் பரலோகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. உச்சகட்டம் மாடிவீட்டு அண்ணாச்சி விவகாரம். வாசலில் அவர் பைக் குறுக்கே நின்றதால் காலையில் நாலு வார்த்தை பேசவேண்டியதாயிற்று. இரவு அறிக்கை வந்தது: "அப்பா அண்ணாச்சிகூட சண்ட போட்டாங்க. அப்புறமா ஒரு வார்த்த சொன்னாங்க. அது கெட்ட வார்த்தையான்னு எனக்குத் தெரியல, இயேசப்பா. உமக்குத் தெரியும்."

"ஆமென்" என்றாள் மனைவி, வழக்கத்தைவிடச் சத்தமாக.

பிள்ளைகள் படுத்தபிறகு அவளிடம் முறையிட்டேன். "இது ஜெபமா, ஒற்றர் படையா? ஐயர் பேச்சைக் கேட்டு மாட்டிக்கிட்டேன்."

அவள் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து ஏழாம் வசனத்தைக் காட்டினாள். "ஏங்க, இதுல எட்டரை மணின்னு எங்க போட்டுருக்கு? வீட்டுல உட்காருறப்ப, வழியில நடக்குறப்ப, படுக்குறப்ப, எந்திரிக்கிறப்பன்னுதான் இருக்கு. நீங்க எட்டரைக்குப் பத்து நிமிஷம் பாடம் எடுக்கீங்க. அவன் மத்த நேரமெல்லாம் படிச்சுட்டு வந்து ஒப்பிக்கான்."

பதில் சொல்ல வாய் வரவில்லை. படுத்துக்கொண்டு யோசித்தேன். தாத்தாவின் ஜெபத்தில் எனக்கு இப்போது எது ஞாபகம் இருக்கிறது? பாயின் கோரை வாசனைதான். ஆச்சி எனக்கு வேதம் சொல்லிக்கொடுத்ததே இல்லை, அந்த ஐத்திகு கதையைத் தவிர. ஆனால் உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போடுவாள். ஒரு மாசக் கடைசியில் அரிசி டின்னின் அடி தட்டியது. எனக்கு அது கேட்டது. ஆச்சி அளந்தாள், ஒரு கணம் நின்றாள், பிறகு கைப்பிடியைப் பானையில் போட்டாள். அன்றைக்குக் கஞ்சி. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த டின் சத்தம் எனக்குக் கேட்கிறது.

பவுலும் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். தகப்பனைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் கிரேக்கன் என்பதோடு சரி. அவர் பைக்கை எங்கே நிறுத்தினார் என்றுகூட எழுதவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஏழரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். முதலில் மனைவியின் தாய்மாமாவுக்குப் போன் போட்டு, அடுத்த மாசம் முதல் தேதி பணம் தருவதாகச் சொன்னேன். முதலூரிலிருந்து வந்திருந்த மஸ்கோத் அல்வா ஒரு டப்பா அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. அந்த ஊரின் தேங்காய்ப்பால் அல்வாவைத் தின்றவர்களுக்குத்தான் அதைத் தானம் கொடுப்பதன் வலி தெரியும். டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். சின்னவன் பின்னாலேயே வந்தான். போகச் சொன்னேன். போகவில்லை.

"அண்ணாச்சி, நேத்து நான் பேசினது தப்பு" என்றேன்.

அவர் திருநீறு பூசிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "நான்லா குறுக்க நிறுத்துனேன். விடுங்க தம்பி. உள்ள வாங்க" என்றார். ஆளுக்கொரு டம்ளர் காபி வந்தது. வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போவதாகச் சொன்னார். வழியில் நாசரேத் வருமா என்று சின்னவன் கேட்டான். வரும் என்றார். அவன் ஏதோ குறித்துக்கொண்டவன் போலத் தலையாட்டினான்.

எட்டரை மணி. நாலு பேரும் பாயில். அன்றைக்குச் சின்னவன் முறை. நான் முதல்முறையாக இரண்டு கண்களையும் நிம்மதியாக மூடிக்கொண்டேன்.

"இயேசப்பா, அப்பா அண்ணாச்சிகிட்ட தப்புன்னு சொல்லிட்டாங்க. தோத்திரம். அண்ணாச்சி எனக்குக் காபி தந்தாங்க. தோத்திரம்." சற்றே நிறுத்தினான். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "ஆனா அப்பா அல்வாவ டப்பாவோட குடுத்துட்டாங்க. பாதி நமக்கு வச்சுருக்கலாம். அடுத்த தடவ அப்பாவுக்குப் புத்தியத் தாரும்."

ஆமென் சொன்னதில் என் சத்தம்தான் அன்றைக்கு அதிகம்.