ஐயாவோட ஓசி ஆலோசனை

ஏ ஆத்தா, ஜோகா மேனேஜ்மென்ட் காலேசுல லட்சம் லட்சமாக் கட்டிப் படிச்சவ, அஞ்சாங்கிளாஸோட மாடு மேய்க்கப் போனவன்கிட்ட வந்து கேக்குற: "ஐயா, கிரெடிட் ரிஸ்க்கிலேயே முழுசா எறங்கிறவா, இல்ல டிரஷரி, ஆடிட்டு, ரீட்டெய்ல்னு நாலையும் பாத்துட்டு வரவா?" நல்லாருக்கு. மொதல்ல காலேசுக்குக் கட்டுன பணத்தைத் திருப்பிக் கேளு.

நீ கேட்ட தினுசுலேயே சூது இருக்கு. எதுல இன்கிரிமென்ட் சாஸ்தின்னு கேக்க வெக்கம். அதுக்கு ஆழம், அகலம்னு பட்டுச்சேலை சுத்தி மணவறையில உக்கார வச்சிருக்க. பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்?

சனிக்கெழமை என்னைய லயன்ஸ் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனியே, ரைட்டர்ஸ் பில்டிங்குக்குப் பின்னாடி. பங்குச் சந்தைக் கட்டடம் கம்பீரமாத்தான் நிக்குது. நடைபாதையில ஒருத்தன் பூரியும் உருளைக்கெழங்கும் வித்துக்கிட்டிருந்தான். அந்தத் தெருவுல அன்னைக்கு நான் பாத்த வியாபாரம் அது ஒண்ணுதான். வேப்பமரத்தடியில நின்னு பங்கு வித்தவங்க 1908ல சங்கமாச் சேர்ந்தாங்க. சணலு, தேயிலை, நிலக்கரின்னு கம்பெனிப் பங்கெல்லாம் அங்க பொரண்டுச்சு. பத்லான்னு ஒரு வித்தை அப்ப இருந்துச்சு. வாங்குன பங்குக்கு இன்னைக்கே பணம் கட்டாம, வட்டியக் குடுத்து அடுத்த கணக்குக்குத் தள்ளிவிடுறது. அதுல கல்கத்தா புரோக்கரை அடிச்சுக்க ஆளில்லை. வட்டி எப்ப ஏறும், எவன் தள்ளுவான், எவன் கட்டுவான், எல்லாம் அத்துப்படி. 2001 மார்ச்சுல பம்பாய் புரோக்கர் கேத்தன் பாரேக் தூக்கி நிறுத்துன பங்கெல்லாம் சரிஞ்சுச்சு. அதையே நம்பித் தள்ளிக்கிட்டிருந்தவங்களால பணம் கட்ட முடியலை, சந்தையே ஆடிப்போச்சு. 2013 ஏப்ரலோட அங்க வியாபாரமும் நின்னுபோச்சு. அந்த ஆளுகளுக்கு ஆழம் பத்தலைன்னு சொல்லுவியா? கழுத்தளவு இருந்துச்சு. தொழில் தெரியும், அந்தத் தொழில் எதுல சாகும்னுதான் தெரியலை.

இதை நான் கல்கத்தாவுக்கு வந்து படிக்கணும்னு இல்லை. காரைக்குடிப் பக்கம் பொறந்தவனுக்கு பர்மாக் கதை தாலாட்டுலயே கெடைச்சிரும். எங்க பாட்டனாரு ரங்கூன்ல ஒரு செட்டியார் கடையில சமையக்காரரு. நெலத்தை அடமானம் வாங்கி நெல்லுக்குக் கடன் குடுக்குறதுல செட்டியாருகளை மிஞ்ச எவனுமில்லை. 1930ல நெல்லு வெலை விழுந்துச்சு. கடன் வரலை, நெலம் வந்துச்சு. கீழ் பர்மாவுல 13 முக்கிய நெல் ஜில்லாவுல அவுக கையில இருந்த நெலம் 1930ல நூத்துக்கு 6. 1938ல நூத்துக்கு 25. ஊரு வயித்தெரிச்சல் பட்டுச்சு. ஆனா பணம் கேட்டவனுக்குச் சேத்துமண்ணு கெடைச்சா அது லாபமா? அப்புறம் சப்பான்காரன் வந்தான், 1948ல சர்க்கார் நெலத்தை எடுக்கச் சட்டம் போட்டுச்சு, கதை முடிஞ்சுச்சு.

உடனே "அப்ப அகலந்தான் சரி"ன்னு குதிக்காத. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான். ஆனா வெட்டுனவகளும் உண்டு. அருந்ததி பட்டாச்சார்யா இந்த ஊர்ல பொறந்தவக, இங்கிலீசு இலக்கியம் படிச்சவக. 1977ல ஸ்டேட் பேங்குல பயிற்சி ஆபீசராச் சேர்ந்து, அன்னியச் செலாவணி, டிரஷரி, ரீட்டெய்லு, ஆள் நிர்வாகம், நியூயார்க்குன்னு சுத்துனாக. 2013ல தலைவரானாக. 1806ல இதே கல்கத்தாவுல மொளைச்ச பேங்கோட வாரிசுக்கு, தலைமையில உக்கார்ந்த மொதப் பொம்பளை அவுகதான். ஒன்னோட ஆபீசுல இந்தக் கதையச் சொல்லித்தான் மயக்கியிருப்பானுக. அவுக சுத்தச் சுத்தப் பின்னாடி முப்பத்தாறு வருசம் ஓடுனதை மட்டும் எவனும் சொல்லியிருக்க மாட்டான். நீ ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நாற்காலி மாத்தலாம்னு பாக்குற.

அங்கதான் சங்கதி. கடன் குடுக்குற அன்னைக்கு எல்லாக் கடனும் நல்ல கடன். மூணாவது வருசந்தான் பல்லக் காட்டும். அதுக்குள்ள நீ டிரஷரிக்குப் போயிருப்ப. அடுத்து வந்த பய மாட்டிக்கிட்டு முழிப்பான். இதுக்குப் பேரு பரந்த அனுபவம்! செட்டியார் கடையில இந்தச் சாமர்த்தியம் நடக்காது. பெட்டியடிப் பையனாச் சேர்ந்தவன் கூட்டணும், தண்ணி தூக்கணும், வட்டிச்சிட்டை போடணும். பெறகு அடுத்தாள். அதுக்கும் மேல ஏஜண்டு. ஏஜண்டுக்கு மூணு வருசக் கணக்கு. ஐந்தொகையை முடிச்சுக் காட்டிட்டுத்தான் கப்பலேறி ஊருக்கு வரணும். எல்லா வேலையும் செய்வான், ஆனா பாதியில ஓட மாட்டான்.

நீ ஆசைப்பட்டாலும் படாட்டியும் அகலம் ஒன்னைத் தேடி வரும். சந்திரசேகர் கோஷ் 2001ல பந்தனை ஆரம்பிச்சாரு. பொம்பளைகளுக்கு வாரத்தவணையில சின்னக் கடன், அது ஒண்ணுதான் தொழில். 2015ல அது பேங்காச்சு. புரமோட்டர் பங்கைக் கொறைக்கலைன்னு 2018ல ரிசர்வ் பேங்கு புதுக் கிளைக்குக் கடிவாளம் போட்டுச்சு. மறுவருசமே கிருஹ் பைனான்சைச் சேர்த்துக்கிட்டு வீட்டுக் கடன்லயும் காலை வச்சாரு. அதுக்கு அடுத்த வருசம் கொரோனா. வாரக்கூட்டமே நின்னுபோச்சு. ஒத்தைத் தொழிலு எங்க நோகும்னு அப்பத் தெரிஞ்சுச்சு. நெருக்கடி வந்து கழுத்தைப் பிடிச்சப் பெறகுதான் பாதிப்பேரு அகலமாகுறது. அதுல கேவலமில்லை.

ஒனக்கு இப்ப இருபத்தாறு. கிரெடிட் ரிஸ்க்கிலயே இன்னும் ரெண்டு வருசம் கெட. நீ போன வருசம் பச்சைக் கொடி காட்டுன கடனுகள்ல எது நின்னுச்சு, எது படுத்துச்சுன்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் டிரஷரியோ டெல்லியோ போ. பாக்குறதுன்னா செக்டர் அஞ்சு ஆபீசு ஏசியில உக்கார்ந்து கம்ப்யூட்டர்ல பாக்குறது இல்லை. கலெக்ஷன் பையன் கூட சியால்தாவுல கானிங் லோக்கல் ரயிலைப் புடி, ஓட்டுவீட்டுத் திண்ணையில உக்காரு, வராத தவணைக்கு அந்தம்மா சொல்ற காரணத்தைக் கேளு. ஒன் மாடல்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கான்னு பாரு. டிக்கெட்டுக் காசு நான் தர்றேன். கூட வாங்கய்யான்னு மட்டும் கூப்பிடாத, எனக்கு லேக் மார்க்கெட்டுல வாழைத்தண்டு வாங்குற சோலி கெடக்கு.