இரண்டு மாவட்டத்து மேஸ்திரி

2022 ஏப்ரல் 4ஆம் தேதி பழைய சித்தூர் மாவட்டத்தை உடைத்துத் திருப்பதிக்குத் தனி மாவட்டம் கொடுத்தார்கள். கலெக்டர் ஆபீஸ் தனி, எஸ்.பி. ஆபீஸ் தனி, பெயர்ப்பலகை தனி. மேஸ்திரியை மட்டும் யாராலும் பாகம் பிரிக்க முடியவில்லை. சித்தூர் வீட்டுக்காரர் போன் செய்தால் அவர் திருப்பதியில் இருப்பார். திருப்பதி வீட்டுக்காரர் செய்தால் சித்தூரில் இருப்பார். நடுவில் சுமார் எழுபது கிலோமீட்டர். இருவரும் ஒரே நேரத்தில் தேடிக் கிளம்பினால் சந்திரகிரி டீக்கடையில் அகப்படுவார் என்பது அனுபவஸ்தர்கள் கணக்கு.

பெயர் எதற்கு? ஊருக்கு ஊர் இருக்கிறார். காதில் பென்சில், சட்டைப் பையில் டேப், ஸ்கூட்டரில் சிமெண்ட் அப்பிய பை. தமிழ் வீட்டில் தமிழ், தெலுங்கு வீட்டில் தெலுங்கு. இரண்டும் கலந்த வீட்டில், அட்வான்ஸ் கொடுக்கிறவர் எதில் பேசுகிறாரோ அது.

முதல் நாள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார். வந்ததும் சுவரைத் தடவிப் பார்ப்பார். முகம் சுருங்கும்.

"இன்னா சார் இது, யார் பூசுன சுவரு? ரசமட்டமே வைக்காம பூசிக்கிறான்."

உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுப்பார்: "நீதாம்பா பூசினே, எங்க பெரியவன் கல்யாணத்தப்போ."

"அப்படியா பாட்டிமா? அப்பவே சொன்னேன், மணல் சரியில்லன்னு."

எஸ்டிமேட் அவர் வாயில்தான் இருக்கும், காகிதத்தில் இருக்காது. சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் வரசித்தி விநாயகர் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. எத்தனையோ வருஷத்துக்கு முன் செய்த வெள்ளிக் கவசம் இப்போது சேரவில்லை என்று கோயிலில் சொல்வார்கள். மேஸ்திரி எஸ்டிமேட்டும் அதே ஸ்தலத்து மகிமைதான். பாத்ரூம் டைல்ஸ் மட்டும் என்று ஆரம்பிக்கும். பைப்பை மாற்றாமல் டைல்ஸ் போடக் கூடாது. பைப்பை மாற்றினால் சமையலறைச் சுவரைக் கொத்த வேண்டும். கொத்தியபின் அந்தக் கடப்பாக்கல் மேடையைப் பார்த்தால் உங்களுக்கே பிடிக்காது. குப்பம் பச்சை கிரானைட் போட்டால் அம்சமாக இருக்கும் என்பார். வீட்டம்மா முகம் மலரும். வீட்டுக்காரர் பாஸ்புக்கைத் தேடுவார்.

மறுநாள் இடிப்பு. எங்கிருந்துதான் அத்தனை ஆட்கள் வருவார்களோ, மத்தியானத்துக்குள் பாத்ரூம் வெட்டவெளி, சமையலறை பாதி. இந்த வேகத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. இடித்த வீட்டுக்காரன் எங்கேயும் ஓட முடியாது, அவ்வளவுதான் விஷயம். இன்னொரு மேஸ்திரியைக் கூப்பிட்டால், "ஒருத்தர் கை வச்ச வேலையில நாங்க கை வைக்கிறதில்ல சார்" என்று நாசூக்காக நழுவுவார். அந்த மேஸ்திரி கை வைத்த வீடுகளும் எத்தனையோ அப்படிக் கிடக்கின்றன அல்லவா?

போகும்போது அடமானமும் வைத்துவிட்டுப் போவார். தேய்ந்த கரண்டி ஒன்று, நசுங்கின பாண்டு ஒன்று, முட்டியில் சிமெண்ட் காய்ந்த பேண்ட் ஒன்று. 'சாமான் இங்கேதானே இருக்கிறது, வராமல் எங்கே போவார்' என்று நாமும் காவல் காப்போம். நிஜக் கரண்டி ஸ்கூட்டர் பையில் போய்விட்டது நமக்குத் தெரியாது.

அப்புறம் போன்தான் துணை. காலர் ட்யூனில் அன்னமய்யா கீர்த்தனை. அன்னமய்யா 32,000 கீர்த்தனை பாடினார் என்பார்கள். மேஸ்திரி வைத்திருப்பது ஒன்றே ஒன்று. சங்கீத வாசனையே இல்லாத எத்தனையோ வீட்டுக்காரர்களுக்குப் பல்லவியும் அனுபல்லவியும் இப்படித்தான் பாடமாயின. தப்பித்தவறி எடுத்துவிட்டால், "உங்க வீட்டுக்குத்தான் சார் வந்துனே கீறேன்" என்பார். பின்னாலிருந்து "ஏழுமலையான் எக்ஸ்பிரஸ் ரெடி, ஏறுங்க ஏறுங்க" என்று திருப்பதி பஸ்ஸ்டாண்டுக் குரல் கேட்கும்.

அவர் காலண்டர் விசேஷமானது. தெலுங்கு யுகாதியும் உண்டு, தமிழ் வருஷப் பிறப்பும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி காவடி. 1960இல் திருத்தணியைச் சித்தூர் மாவட்டத்திலிருந்து எடுத்துச் சென்னை மாநிலத்தோடு சேர்த்த உத்தரவு அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. விநாயகர் சதுர்த்தி மற்றவர்களுக்கு ஒரு நாள், காணிப்பாக்கத்தில் பிரம்மோற்சவம் 21 நாள். அது முடிகிற நேரம் புரட்டாசி பிறந்திருக்கும், திருமலை பிரம்மோற்சவம் வந்துவிடும். மே மாதம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரை. ஜனங்கள் நாளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். சுண்ணாம்புக் குண்டலு என்றே ஒரு வேஷம், தலையில் பானை சுமந்து ஆடுவது. நம் வீட்டில் சுண்ணாம்பைத் தொட நேரமில்லாதவர் அங்கே சுண்ணாம்புப் பானையோடு ஆடக்கூடும். ஒரு சௌகரியம், அந்த ஜாத்திரையில் வசவும் வழிபாடு. எதிரில் வருகிறவரை வாய் வலிக்கத் திட்டினாலும் பாவமில்லை. மேஸ்திரி மட்டும் கண்ணில் பட்டால் பல வீட்டுக்காரர்களுக்கு மோட்சமே கிடைத்துவிடும்.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தவறமாட்டார். அது வாரக்கூலி நாள்.

இவ்வளவுக்கும் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிட முடியாது. சுவர் விஷயத்தில் பொய் பேசமாட்டார், கிழமை விஷயத்தில் மெய் பேசமாட்டார். காணிப்பாக்கத்தில் குளத்தில் முழுகிப் பொய்ச்சத்தியம் செய்தால் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்று இந்தப் பக்கத்தில் பெரிய பயம். ஊர் வழக்குகளே அங்கே தீர்ந்திருக்கின்றன. "கலவை ஒண்ணுக்கு நாலுதான், வாங்க, காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றேன்" என்று அவர் தயார். திங்கட்கிழமை வருவேன் என்பதற்கு மட்டும் ஏழுமலையானோடு நிறுத்திக்கொள்வார்.

வேலையில் இறங்கினால் அவர் வேறு ஆள். சித்தூர்ப் பழைய வீடுகளில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் உண்டு. உத்தரக் கட்டைமேல் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைக்கு மூலை அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டிக் கட்டையால் அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு, மேலே தட்டோடு பதித்த தளம். ஒழுக ஆரம்பித்தால் இன்ஜினியர்கள் ரசாயனம் ரசாயனமாகப் பூசச் சொல்வார்கள். இவர் மாடியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கைப்பிடிச்சுவரும் தளமும் சேருகிற மூலையைக் கரண்டிக் காம்பால் தட்டுவார். 'டொப்' என்று கேட்ட இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போடுவார். அங்கே கொத்தி அடைத்தால் அதோடு ஒழுக்கு நின்றது.

அவர் வராத கோபத்தில், நேரம் தவறாத இன்னொருவரைத் தேடிப் பிடித்த வீடுகளும் உண்டு. மணி ஒன்பது என்றால் ஒன்பதுக்கு வந்தார். பாத்ரூம் தரை போட்டார். தண்ணீரும் அவரைப் போலவே நேரம் தவறாமல் ஹாலுக்கு வந்தது. நம் மேஸ்திரி போட்ட தரையில் ஒரு வாளி கவிழ்த்தால், துடைப்பமே தேவையில்லாமல் கடைசிச் சொட்டு வரை சல்லடைக்குள் போய்ச் சேரும்.

இந்தக் கைத்திறன் அவருக்கும் தெரியும், அந்தத் திமிரும் உண்டு. சிமெண்ட் இறுக ஆரம்பிக்கக் குறைந்தது 30 நிமிடம், இறுகி முடிய அதிகபட்சம் 600 நிமிடம் என்று இந்தியத் தர நிர்ணயம் சட்டம் போட்டிருக்கிறது, மேஸ்திரிக்கு ஒரு சட்டம் இல்லையே என்று யாரோ கேட்டதற்கு, சரித்திரத்தோடு பதில் வந்தது.

"காளஹஸ்தி ராஜகோபுரம் யார் கட்னது சார்? கிருஷ்ணதேவராயர், 1516ல. ராயர் கட்னதே 2010ல விழுந்துச்சு. கவர்மெண்டு, இன்ஜினியருங்க, பணம் எல்லாம் இருந்தும் புதுக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் 2017லதான். சாமிக்கே ஏழு வருஷம். உங்க பாத்ரூமுக்கு நான் ஏழு மாசம் கேட்டா தப்பா?"

எதிர்வாதம் செய்ய முடியவில்லை. டீ கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

யோசித்தால் குற்றம் அவர்மேல் மட்டும் இல்லை. வேலை சுத்தமான மேஸ்திரி ஊருக்கு ஒருவர்தான் என்று தெரிந்து, நாமே ஓடிப் போய் அட்வான்ஸைத் திணிக்கிறோம். பக்கத்துத் தெருக்காரரும் திணிக்கிறார், திருப்பதி லாட்ஜ்காரரும் திணிக்கிறார். மாட்டேன் என்று ஒருவர் முகத்தைச் சுளிக்கவைக்க அவருக்கு மனசு வராது. எல்லோருக்கும் ஒரு திங்கட்கிழமை கொடுத்துவிடுகிறார். இருக்கிற திங்கட்கிழமையோ வாரத்துக்கு ஒன்று.

கல்யாண வீட்டில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் இவர் பேச்சுத்தான். ஆளாளுக்கு வயிற்றெரிச்சலைக் கொட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஐந்தாமவர், "இருந்தாலும் வேலை நல்லா செய்வார்ங்கறீங்க. அவர் நம்பர் கொஞ்சம் கொடுங்களேன்" என்று போனை எடுத்தால் பந்தியே மௌனமாகிவிடும். ஒருவர் மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். ஒருவர் போனில் சார்ஜ் இல்லை. மூன்றாமவர் மட்டும் நாசூக்குத் தெரியாத மனிதர். "எங்க வீட்டு பால்கனி முடியட்டும் சார், அப்புறம் தர்றேன்" என்றுவிட்டு ரசத்துக்குக் கை நீட்டுவார்.