அப்பா சிலையாவது எப்படி? சைலபோன் வரம் குறித்து ஒரு சிற்றாய்வு

பஸ்மாசுரனுக்கு வரம் கொடுத்த சிவபெருமான் அவனிடமிருந்தே ஏன் ஓட வேண்டியிருந்தது என்று கேட்டால், புராணம் சொல்பவர்கள் ஒரே வரியில் பதில் வைத்திருப்பார்கள்: கொடுத்த வரத்தைக் கொடுத்தவராலும் திரும்பப் பெற முடியாது. இந்த விதி கயிலையிலிருந்து இறங்கி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், நான்கு நாய்கள் வசிக்கும் ஒரு வீட்டில் குடியேறிவிட்டது என்பதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஜோ பிரம் உருவாக்க, லூடோ ஸ்டுடியோ தயாரித்து, 2018 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 'புளூயி' கார்ட்டூனே இதற்கு மூல நூல். அப்பா பேண்டிட், அம்மா சில்லி, மூத்தவள் புளூயி, இளையவள் பிங்கோ. அப்பாவுக்குத் தொல்லியல் துறையில் வேலை. அம்மாவுக்கு விமான நிலையப் பாதுகாப்பில். தோண்டுவது ஒருவர், மோப்பம் பிடிப்பது ஒருவர். நாய்க்குலத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்காது.

முதல் அத்தியாயமான 'மேஜிக் சைலபோன்' நமக்கு முதன்மைச் சான்று. அதில் வரும் சைலபோன் சாதாரண விளையாட்டுச் சாமான்தான். குழந்தை ஒரு தட்டுத் தட்டியதும், எடுத்த அடி எடுத்தபடி, நீட்டிய கை நீட்டியபடி அப்பா விறைத்து நிற்கிறார். பெண்கள் இருவரும் சிலையைத் தம் இஷ்டத்துக்கு இழுத்து வைத்து விளையாடுகிறார்கள். டோரேமான் கதையில் சக்தி பையிலிருந்து வரும் கருவியில் இருக்கிறது. சோட்டா பீமுக்கு லட்டுவில் இருக்கிறது. இங்கே கருவியில் ஒன்றுமே இல்லை. சக்தி முழுவதும் அப்பாவின் முழங்காலில் இருக்கிறது. அது மடங்காமல் நிற்கும்வரைதான் சைலபோன் மந்திர சைலபோன். கதை சொல்லியின் சாமர்த்தியம் இதற்கு அடுத்த திருப்பத்தில் தெரிகிறது. சைலபோன் அப்பா கைக்குப் போகிறது, புளூயியே சிலையாகிறாள். தன் தலையில் தானே கை வைத்த அசுரனின் கதி! வித்தியாசம் ஒன்றுதான், இவளுக்கு மீட்க ஒரு தங்கை உண்டு. யார் முறை என்று அதுவரை அக்காவோடு சண்டை போட்ட அதே தங்கை.

துணைச் சான்றுகளும் உண்டு. 'ஃபெதர்வாண்ட்' அத்தியாயத்தில் பிங்கோ ஓர் இறகைக் காட்டி 'கனம்' என்று சொன்னால், பொருள் தூக்க முடியாத கனமாகிவிடும். 'ஷேடோலேண்ட்ஸ்' இன்னும் வலுவானது. பூங்காவில் நிழலில் மட்டுமே கால் வைக்கலாம், வெயில் பட்ட இடமெல்லாம் முதலை வாழும் தண்ணீர். நடுவழியில் விதியைத் தளர்த்தலாமே என்று தோழி கோகோ கெஞ்ச, புளூயி மசிவதில்லை. கடைசியில் மேகம் ஒன்று வந்து மொத்தப் புல்வெளியையும் நிழலாக்குகிறது. விதி தளரவில்லை, வானம்தான் வழிவிட்டது. மாட்டிக்கொண்டவர் விதிக்குள்ளேயே ஓட்டை தேட வேண்டும் என்பதுதான் இந்தத் தொடரின் கதை இயந்திரம். ஏழு நிமிடத்தில் வில்லன் இல்லாமல் கதை நகர்வதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனவியல் சான்று ஒன்றையும் விடக்கூடாது. இவர்கள் குடும்பப் பெயர் ஹீலர். இனமும் ஹீலர்தான்: அப்பாவும் புளூயியும் புளூ ஹீலர், அம்மாவும் பிங்கோவும் ரெட் ஹீலர். மாட்டின் குதிகாலைக் கவ்விக் கவ்வி மந்தையை ஓட்டுவதற்கென்றே ஆஸ்திரேலியப் பண்ணைகளில் வளர்த்த இனம் அது. ஆனால் இந்த வீட்டில் மாடு இல்லை. குட்டிகள் யாரை ஓட்டும்? சோபாவில் சாய்ந்திருக்கும் தகப்பனைத்தான்.

இதெல்லாம் வெறும் செல்லம், இதற்கு உத்தி என்று பெயர் வைப்பானேன் என்று சிலர் கேட்கலாம். செல்லம் கொடுக்கும் அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அங்கே கதை முடிந்துவிடும். பேண்டிட் முனகுவார், பேரம் பேசுவார், ஆனால் எழுந்து போக மாட்டார். இக்கட்டில் மாட்டிய பாத்திரம் இருந்தால்தான் அடுத்த காட்சி பிறக்கும். இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 2024 ஏப்ரலில் வந்த 'தி சைன்' அத்தியாயத்தில் அதே அப்பா வீட்டை விற்க முடிவு செய்கிறார். எந்த சைலபோனும் அவரை நிறுத்தவில்லை. என் கோட்பாட்டுக்கு இது பெரிய அடி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அத்தியாயத்தின் நீளம் 28 நிமிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழு நிமிடத்துக்குத் தைத்த விதியை நான்கு மடங்கு இழுத்தால் தையல் பிரியத்தானே செய்யும்? அதோடு, முடிவில் வாசலில் நட்ட விற்பனைப் பலகையைப் பிடுங்கி எறிவது யார்? அதே அப்பா. மந்திரம் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்திருக்கிறது.

எனவே, வீட்டில் இருக்கும் பொம்மை சைலபோனைக் குழந்தை கண்ணில் படாமல் பரணில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கும் தந்தையர்க்கு ஒரு வார்த்தை: பயனில்லை. தோசைக் கரண்டியும் அதே வேலையைச் செய்யும்.